தோல் எடுக்கிறவர் தொழிலையே விடுறாராம்: 30 தோலுக்கு நாமே உப்பு போட்டு விற்றால் கட்டுமா?

வியாசை_கறிக்கடை

வியாசர்பாடியில் கறிக்கடை. வாரத்துக்கு 30 தோல் விழும், பாதிக்கு மேல் ஞாயிற்றுக்கிழமை. வெள்ளாடு, செம்மறி ரெண்டும் கலந்துதான். தோல் எடுக்க தினமும் ஆள் வந்துட்டிருந்தார், அப்புறம் வாரம் ரெண்டு நாள் ஆச்சு. இப்போ "20 ரூபாய்க்கு மேல கட்டாது, அடுத்த மாசத்தோட நானும் விடுறேன்"னு சொல்லிட்டார்.

கேட்க வேண்டியது நாலு. நாமே உப்பு போட்டு வெச்சு பெரியமேட்டுத் தோல் மண்டிக்குக் கொண்டு போனா மிஞ்சுமா? ஒரு தோலுக்கு எவ்வளவு உப்பு, எத்தனை நாள் தாங்கும்? கறி விலை ஏறிக்கிட்டே போகுது, தோல் விலை மட்டும் ஏன் இப்படி? இவர் விடுறார்னா மத்தவங்க எப்படி ஓட்டறாங்க?

மண்டிக்கணக்கு

முதல் கேள்விக்கு மட்டும் கணக்கு போடுறேன் பாய். உங்க ஏரியா விலையை வெச்சு எண்களை மாத்திக்கோங்க.

பச்சைத்தோல் சராசரி 1.7 கிலோன்னு வைங்க. முதல் நாள் 600 கிராம் உப்பு, மறுநாள் 200 கிராம், ஆக 800. கல்லுப்பு கிலோ 8 ரூபாய்னா தோலுக்கு ரூ.6.40. சுத்தம் பண்ணி, விரிச்சு, ரெண்டு தடவை உப்பு போட 6 நிமிஷம் ஆகும். நாள் கூலி 600 ரூபாய்னா அந்த 6 நிமிஷம் ரூ.7.50. லோடு ஆட்டோ 360 ரூபாய் கேட்டா, 30 தோலுக்குப் பங்கிட்டா தோலுக்கு 12. மொத்தம் கிட்டத்தட்ட 26 ரூபாய். அதாவது மண்டியில உப்புத்தோலுக்கு 46 கிடைச்சாதான், வீட்டு வாசல்ல 20 வாங்கினதுக்குச் சமம். அதுக்கும் கீழே போச்சுன்னா உங்க கைக்காசு.

அதே ஆட்டோவில 120 தோல் போனா வண்டிச் செலவு தோலுக்கு 3 ரூபாய்தான். மொத்தச் செலவு 17க்கு இறங்கிடும். உப்பு, கூலி ரெண்டிலும் மிச்சம் பிடிக்க வழியில்லை, வண்டியில மட்டும்தான் பிடிக்கலாம். உங்க ஆள் விடுறதுக்கும் இதுதான் காரணமா இருக்கும். ஒரு தெருவுல நாலு கடை தோலை நிறுத்தினா மீதி ரெண்டு கடைக்காக அவர் பெட்ரோல் போட்டு வரணும். விலை குறைஞ்சதைத் தாங்கிடலாம், லைன் அறுந்துபோச்சுன்னா தாங்க முடியாது.

தொடர்ந்து ஓட்டறவங்க தோலை மட்டும் நம்பி ஓட்டறதில்லை. புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டி (அறுப்புக்கூடம்) பக்கம் பாருங்க, அதே வண்டியில தலை, கால், குடல், கொழுப்பு எல்லாம் ஏறும். வண்டிச் செலவு அதுலயே வந்துடும், தோல் மேல்வரும்படி. இன்னொரு கூட்டம் மண்டியில முன்பணம் வாங்கினவங்க. அந்தக் கடன் தீர்ற வரைக்கும் விட நினைச்சாலும் விட முடியாது.

மண்டியில பணம் உடனே கைக்கு வரும்னு நினைக்காதீங்க. டேனரிக்காரர் (தோல் பதனிடுறவர்) மண்டிக்கு ரெண்டு மூணு மாசம் கழிச்சுக் கொடுத்தா, மண்டியும் உங்களை இழுத்தடிக்கும். போகும்போதே "கையில காசா, தவணையா, கழிவு (ஒதுக்கற தோல்) யார் பிரிக்கிறது" இந்த மூணையும் பேசிடுங்க. தோலைப் பிரிக்கும்போது நீங்களோ உங்க ஆளோ பக்கத்துல நிக்கணும்.

உப்புத்தோல்

மேலே உள்ள கணக்கு எல்லாத் தோலும் நல்லபடியாக இறங்கும் என்ற நம்பிக்கையில் போட்டது. பத்தில் ரெண்டு கழிவானால் கதை வேறு. ஆகவே செய்முறையை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

உரிப்பதில்தான் பாதித் தோல் போகிறது. நடு வயிற்றில் நேர்கோடு, கால்களின் உள்பக்கம் கோடு, அவ்வளவுதான் கத்திக்கு வேலை. மற்றதெல்லாம் முஷ்டியால் தள்ளி உரிக்க வேண்டும். அவசரத்தில் முதுகுப்பக்கம் கத்தி போட்டால் ஓட்டை விழாவிட்டாலும் கீறல் விழும். சதைப்பக்கம் அது சின்னக் கோடுதான். டேனரியில் தோலைச் சீவி மெலிசாக்கும்போது அதே இடம் கிழியும். முதுகும் பிட்டப்பக்கமும்தான் தோலில் விலையுள்ள இடம், வயிற்று ஓரத்தில் ஒரு வெட்டு இருந்தால் பெரிதாகக் கழிக்க மாட்டார்கள்.

உரித்ததும் மடித்துச் சாக்கில் போடுவது பெரிய தப்பு. உடல் சூடு உள்ளேயே நிற்கும். சதைப்பக்கம் மேலே பார்க்க நிழலில் அரை மணி நேரம் விரித்து வையுங்கள். காது, வால், ஒட்டிய கொழுப்பு, சதைத் துணுக்கை எடுத்துவிடுங்கள். கொழுப்பு ஒட்டிய இடத்தில் உப்பு இறங்காது. ரத்தமும் சாணமும் இருந்தால் கொஞ்சம் தண்ணீரில் அலசி, நன்றாக வடிய விடுங்கள்.

சென்னை வெயிலுக்கு, அறுத்து நாலு மணி நேரத்துக்குள் உப்பு ஏறியாக வேண்டும். காலை 5 மணிக்கு அறுத்ததை வியாபாரம் முடித்து மதியம் 2 மணிக்குப் பார்ப்போம் என்றால் அந்தத் தோல் போன மாதிரிதான். பார்க்க நன்றாகவே இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள்.

முதல் உப்பு, தோல் எடையில் 35 சதவீதம். ரவையைவிடப் பெரிசு, மிளகைவிடச் சின்னது என்ற அளவு சரி. தூள் உப்பு மாவாட்டம் கட்டிபிடிக்கும், பெரிய கல் கரைவதற்குள் தோல் கெட்டுவிடும். சதைப்பக்கம் தூவி, கையால் தேயுங்கள். கழுத்து, அக்குள், கால் ஓரம், சுருண்டு கிடக்கும் விளிம்பு, இங்கேதான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கெடுவதும் அங்கிருந்துதான்.

முடிப்பக்கம் கீழே, சதைப்பக்கம் மேலே என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். தரையில் வேண்டாம், மரப்பலகை போட்டு ஒரு பக்கம் இரண்டு அங்குலம் சாய்த்து வையுங்கள். ராத்திரியில் லேசான சிவப்பு நீர் ஓரமாக வடிந்துகொண்டே இருக்கும். வடிந்தால் உப்பு வேலை செய்கிறது. வடியாமல் தேங்கினால் அடித்தோல் அந்த நீரிலேயே ஊறி நாறும். மறுநாள் அடுக்கைப் பிரித்து, மேலே இருந்ததைக் கீழே போட்டு, இரண்டாவது உப்பு. அடுக்கு மூணு அடிக்கு மேல் போக வேண்டாம். நாலாம் நாள் எடுத்துப் பார்த்தால் சதைப்பக்கம் சாம்பல் நிறமாக, மடித்தால் மடிப்பு நிற்கும்படி விறைப்பாக இருக்கும். நிழலில் காற்றோட்டமாக வைத்தால் ஒரு மாதம் தாராளமாகத் தாங்கும். மழைக்காலத்தில் அதை நம்பாதீர்கள், ஐப்பசி கார்த்திகையில் இரண்டு வாரத்துக்குள் தள்ளிவிடுங்கள்.

சோதனை எளிது. கழுத்தோரம், வயிற்றோரம் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து ஒரு சிட்டிகை முடியை இழுங்கள். இழுவை தெரிந்தால் சரி. கையோடு வந்தால், முடிவேர் அழுகிவிட்டது என்று அர்த்தம். மண்டியில் முதலில் பார்ப்பதும் இதைத்தான், நூறு தோல் அடுக்கில் நடுவில் கைவிட்டு இழுப்பார்கள்.

வெயிலில் தரையில் காயப்போடும் யோசனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மேல் மட்டும் காய்ந்து ஓடு கட்டும், உள்ளே அழுகும். டேனரியில் முடி நீக்கும் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கியதும் கொப்புளம் கொப்புளமாகத் தெரியும். அப்புறம் உங்கள் தோலென்றால் அந்த மண்டி பக்கத்திலேயே சேர்க்காது.

வியாசை_கறிக்கடை

கணக்கு புரியுது. பக்கத்துல மூணு கடை இருக்கு, சேர்த்தா மாசம் 400 தோல் வரும், கேட்டுப் பார்க்கிறேன். ஆனா விலை ஏன் இறங்குதுன்னு யாரும் சொல்லலையே? இன்னும் இறங்கும்னா பலகை அடிக்கறதே வேஸ்ட்.

டிரம்_ஓரம்

ஆட்டை யாரும் தோலுக்காக அறுப்பதில்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கறிக்குத் தேவை ஏறினால் தோலும் கூடவே விழும், அதை யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும். விலை குறைந்தால் உற்பத்தியைக் குறைக்கும் வழி இதில் கிடையாது. உச்சம் பக்ரீத். ஒரே நாளில் ஊர் முழுக்கத் தோல், உப்பும் ஆளும் பற்றாது. 2023இல் ஜூன் 29, 2025இல் ஜூன் 7 என்று பண்டிகை வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்து கத்திரி வெயிலுக்குள் வந்துகொண்டிருக்கிறது. தானமாகத் தோல் வாங்கும் பள்ளிவாசல், மதரஸாக்களுக்கு இதில் வருமானம் அடிபடுகிறது. அந்த வாரம் நீங்கள் பெரியமேடு பக்கம் போகவே வேண்டாம்.

அடுத்தது உப்பு. தோலைக் காப்பாற்றும் அதே உப்புதான் டேனரிக்குத் தலைவலி. தோலை முதலில் ஊறவைக்கும்போதே அதில் பெரும்பகுதி கரைந்து கழிவுநீருக்குப் போகும். பாலாற்று மாசு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. டேனரி ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டதோடு, மாசுபடுத்துகிறவரே செலவை ஏற்க வேண்டும் என்றும் சொன்னது. அதன்பின் பொதுச் சுத்திகரிப்பு நிலையம், ஆர்ஓ, ஆவியாக்கி என்று செலவு ஏறிக்கொண்டே போனது. பல்லாவரம், வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை எங்கும் இதே நிலைதான். உப்புத் தண்ணீரைக் காய்ச்சி வற்ற வைக்கும் மின்சாரக் கட்டணத்தை டேனரிக்காரர் தோல் விலையில் கழித்துத்தான் உங்களுக்குச் சொல்வார். மண்டியில் யாரும் இதை உங்களிடம் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

இதைத் தவிர்க்க பலர் வெளிநாட்டிலிருந்து வெட் ப்ளூ இறக்குகிறார்கள். குரோம் ஏற்றிப் பதனிட்டு, நீல நிறத்தில் ஈரமாக வரும் தோல் அது. ஊறலும் சுண்ணாம்பும் முடிந்தே வருவதால் அழுக்கு வேலை வேறு நாட்டில் நின்றுவிடுகிறது. 2025 பட்ஜெட்டில் வெட் ப்ளூவுக்கு அடிப்படைச் சுங்க வரியை முழுதாக எடுத்துவிட்டார்கள். அதே பட்ஜெட்டில் கிரஸ்ட் தோலுக்கு இருந்த 20 சதவீத ஏற்றுமதி வரியும் போனது. கிரஸ்ட் என்பது பதனிட்டுக் காயவைத்து, மேல்பூச்சு போடாத நிலை. இரண்டாவது சலுகை பச்சைத்தோலுக்குத் தேவையைக் கூட்ட வேண்டும், ஆனால் அது நல்ல செலக்‌ஷனுக்கு (தரம் பிரித்த நல்ல தோலுக்கு)த்தான் பலிக்கும், வெட்டு விழுந்த கலப்பு லாட்டுக்கு இல்லை என்பது என் கணிப்பு.

கேட்பவர் பக்கமும் மெலிந்துவிட்டது. செய்யாறு சிப்காட் போன்ற இடங்களில் பெரிய ஆலைகள் செய்வது தோலில்லாத ஷூ. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் வரை வரி போட்ட மாதிரி ஏதாவது நடந்தால், ஷூ கம்பெனி முதலில் நிறுத்துவது தோல் கொள்முதலைத்தான். ஆலை ஒரு மாதம் நின்றால் மண்டியில் அடுக்கு ஏறும், அடுக்கு ஏறினால் உங்கள் வாசலில் விலை 20.

கலந்து அனுப்பாதீர்கள். வெள்ளாடு ஷூ மேல்பாகத்துக்கு, நம்மூர் செம்மறி கையுறை, ஜாக்கெட் மாதிரி மெல்லிய வேலைக்கு. வாங்குகிறவர்கள் வேறு வேறு ஆட்கள். கலந்து கொடுத்தால் எது மட்டமோ அந்த விலையே மொத்தத்துக்கும் விழும். பிரித்து, பெரிசு சின்னது தனியாக வைத்தாலே பேரத்தில் நிற்க முடியும்.

வாட்டுகறி

எல்லாரும் தோலை விக்கறதைப் பத்தியே பேசறீங்க. உரிக்காம விட்டா என்ன? முடியைப் பொசுக்கி, சுரண்டி, மஞ்சள் தடவி, தோலோட வெட்டிக் கேட்கிற வாடிக்கை நிறைய ஊர்ல இருக்கு, சென்னையிலயும் கேட்டு வாங்கற வீடுகள் உண்டு. முடி போனாலும் ஒரு ஆட்டுல ஒரு கிலோவுக்கு மேல கறி விலைக்கே போகும். பத்து நிமிஷ கேஸ், ஒரு ஆள். 20 ரூபாய் தோல் எங்கே, இது எங்கே. ஞாயிறுக்கு ரெண்டு ஆடு மட்டும் வாட்டிப் பாருங்க. "தோல் இல்லாம குடுங்க"ன்னு கேட்கிற வாடிக்கைதான் உங்களுக்கு அதிகம்னா இது ஓடாது, அதையும் சொல்லிடறேன்.

வியாசை_கறிக்கடை

ரெண்டு ஆடு வாட்டிப் பார்க்கலாம், மீதிக்குப் பலகை. கடைசியா ஒண்ணு: அடுக்கு பிரிக்கும்போது உதிர்ற உப்பை அடுத்த வாரத்துக்கு வெச்சுக்கலாமா? செலவு பாதி குறையுமே.

உப்புத்தோல்

வேண்டாம். அந்த உப்பில் ரத்தமும் அழுக்கும் சேர்ந்திருக்கும், உப்பிலேயே வளரும் கிருமியும் அதில்தான் பெருகும். மூணு வாரம் கழித்து சதைப்பக்கம் ரோஸ் நிறத் திட்டு திட்டாகத் தெரிந்தால் அதுதான். புது உப்பிலும் வரலாம், உப்பளத்திலிருந்தே ஒட்டிக்கொண்டு வரும். போரிக் பவுடர் உப்பு எடையில் 2 சதவீதம் கலந்தால் கட்டுப்படும். உங்கள் வார உப்பு 24 கிலோவுக்கு 480 கிராம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், வெட்டுக்காயத்தில் உப்பு பட்டால் ரெண்டு நாளைக்குக் கத்தி பிடிக்க முடியாது.