லிகமென்ட் கிழிந்தபின் வந்த செலவுகள்: ஆடியவர்களின் அனுபவங்கள்

முன்னாள் கபடி ரெய்டர், திண்டுக்கல் மாவட்டம்

2022 அக்டோபரில் பெங்களூரில் நடந்த புரோ கபடி ஆட்டம் ஒன்றைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தோம். தமிழ் தலைவாஸ் அணி 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்திருந்த பவன் செராவத், அந்த அணிக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். உடன் இருந்தவர்கள் எல்லோரும் அணியின் கதி என்ன ஆகும் என்று பேசிக்கொண்டார்கள். நான் அவருடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் அதே போலத் தரையில் கிடந்தவன் நான்.

2018 கோடையில் பக்கத்து ஊர்க் கோயில் திருவிழாவை ஒட்டி இரவுப் போட்டி நடந்தது. அந்த ஆண்டுதான் முதன்முறையாக மண்தரைமேல் வாடகைக்கு எடுத்த மேட்டை (செயற்கை விரிப்பை) விரித்திருந்தார்கள். மண்ணில் கால் சற்று வழுக்கும், பல நேரம் அந்த வழுக்கல்தான் மூட்டைக் காப்பாற்றும் என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. எதிரணியின் இடது ஓரத்தில் நின்ற ஆட்டக்காரரிடமிருந்து விலகி நடுக்கோட்டை நோக்கித் திரும்பினேன். புது ஷூவின் அடிப்பாகம் மேட்டைப் பற்றிக்கொண்டு நிற்க, உடம்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை. பச்சை மூங்கிலை முறித்தது போல் முழங்காலுக்குள் ஒரு சத்தம் கேட்டது. எதிரணியில் ஒருவரும் என்மேல் கைகூட வைக்கவில்லை என்பதால், நான் நேரத்தைக் கடத்துவதற்காக நடிக்கிறேன் என்றே நடுவர் நினைத்தார்.

மறுநாள் முழங்கால் தேங்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. எக்ஸ்ரேயில் எலும்பு முறியவில்லை என்று தெரிந்ததும் சுளுக்கு என்று முடிவுகட்டி, எண்ணெய்க் கட்டு போட்டுக்கொண்டேன். மூன்றாவது வாரம் வீக்கம் வடிந்து, நேராக நடக்கவும் முடிந்தது. என்னைப் போன்றவர்கள் ஏமாறுவது இந்தக் கட்டத்தில்தான். ஏசிஎல் (முழங்காலுக்குள் எலும்புகளைப் பிணைக்கும் லிகமென்ட்) அறுந்த கால் நேராக நடக்கும்வரை ஒத்துழைக்கும், திரும்பும்போதுதான் கைவிடும். பேருந்திலிருந்து இறங்கி, பின்னால் யாரோ கூப்பிட்டதற்காகத் திரும்பியபோது கால் மடிந்து சாலையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அதன் பிறகு எடுத்த எம்ஆர்ஐயில் ஏசிஎல் அறுந்திருந்ததோடு மூட்டுக்குள் மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பான உள்பக்க மெனிஸ்கஸும் கிழிந்திருந்தது. பேருந்திலிருந்து இறங்கி விழுந்ததில்தான் மெனிஸ்கஸ் கிழிந்திருக்கும் என்றார் மருத்துவர். ஸ்கேனுக்கு ஆன செலவு 6,500 ரூபாய். அதை மிச்சம் பிடிக்கப் பார்த்துத்தான் நான் கூடுதலாக ஒன்றை இழந்தேன்.

தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்கு 1,80,000 ரூபாய் கேட்டார்கள். அப்பாவின் பெயரில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்ததால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இரண்டு மாதம் காத்திருந்து கைக்காசு இல்லாமல் செய்துகொண்டேன். தொடையின் பின்பக்கத் தசைநாரை எடுத்து, அறுந்த லிகமென்ட் இருந்த இடத்தில் வைத்துத் திருகாணி போட்டார்கள். சிகிச்சையில் ஒரு குறையும் இல்லை. செலவு அதன் பிறகுதான் தொடங்கியது.

நகரத்துப் பிசியோதெரபி நிலையத்தில் ஒரு முறைக்கு 300 ரூபாய் வாங்கினார்கள். வாரம் மூன்று முறை போக வேண்டும், பேருந்துக் கட்டணம் தனி, முழங்கால் பிரேஸுக்கு 2,800 ரூபாய். பொங்கலில் தொடங்கி ஆனி மாதம் வரை ஊர் ஊராகப் போய் ஆடினால் ஒரு சீசனுக்கு ஏறத்தாழ 70,000 ரூபாய் வந்துகொண்டிருந்தது. அது அடியோடு நின்றது. கணுக்காலில் கட்டிக்கொள்ளும் எடைப்பட்டை வாங்கச் சொன்னார்கள். அம்மா என் பழைய ஜீன்ஸின் ஒரு காலை வெட்டி, இரு முனையும் தைத்து, ஆற்று மணலை நிரப்பி, பலசரக்குக் கடைத் தராசில் இரண்டு கிலோ சரியாக நிறுத்துக் கொடுத்தார். காலை, மாலை இரண்டு வேளையும் திண்ணையில் உட்கார்ந்து அதைக் கட்டிக்கொண்டு காலை நீட்டி மடக்குவேன்.

இவற்றையெல்லாம் எப்படியோ சமாளித்துவிட்டேன். சமாளிக்க முடியாமல் போனது சான்றிதழ்தான். ரயில்வே போன்ற இடங்களில் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு அண்மை ஆண்டுகளில் பெற்ற சான்றிதழ்களைத்தான் கணக்கில் எடுப்பார்கள். 2017இல் மாநில அளவில் நான் வாங்கிய சான்றிதழ், நான் பிரேஸ் அணிந்து படுத்திருந்த மாதங்களிலும் தன் பாட்டுக்கு வயதாகிக்கொண்டே வந்தது. அந்தப் பதற்றத்தில்தான் அறுவை சிகிச்சை முடிந்த ஐந்தரை மாதத்திலேயே களத்தில் இறங்கினேன். 1,500 ரூபாய் பரிசும் கிடைத்தது, இரண்டு வாரம் வடியாத வீக்கமும் கிடைத்தது. மாற்றுத் தசைநார் தளர்ந்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள். மறுபடி நான் முழுநேரமாக ஆடவில்லை.

பவன் மீண்டுவந்தார். 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணிக்கு அவர்தான் கேப்டன், அதே மாதம் நடந்த ஏலத்தில் தெலுங்கு டைட்டன்ஸ் அவரை 2 கோடியே 60 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய்க்கு எடுத்தது. இதைச் சொல்லி எங்கள் ஊரில் இன்றும் காயம்பட்ட பையன்களுக்குத் தெம்பூட்டுகிறார்கள். கோடி ரூபாய் போட்டு எடுத்த காலை ஓராண்டு பொறுத்திருந்து காக்க அணிகளுக்குக் காரணம் இருக்கிறது. நாளொன்றுக்கு 2,000 ரூபாய் பேசி அழைத்து வந்தவனின் காலைக் காக்க யாருக்கும் காரணம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தப் பையன்கள் சரியாகத் திட்டமிடுவார்கள்.

பிசியோதெரபிஸ்ட், சென்னை

தம்பி ஐந்தரை மாதத்தில் களமிறங்கியதைப் படித்ததும் மனம் கனத்தது. ஆனால் அதை வெறும் அவசரம் என்று சொல்லமாட்டேன். முழங்காலே அப்படி நம்பவைக்கும். எடுத்துப் பொருத்திய தசைநார் முதல் சில மாதங்களில் உள்ளுக்குள் தன்னை மாற்றி அமைத்துக்கொள்கிறது. அந்த மாற்றத்தின் நடுவில் அது பொருத்திய நாளைவிடப் பலவீனமாகவே இருக்கும். வலியும் வீக்கமும் குறைந்து, நோயாளி தெம்பாக உணர்ந்து, படியேறி, மெதுவாக ஓடவும் தொடங்குவது ஏறத்தாழ அதே காலத்தில்தான். வலி இல்லை என்பதை ஆறிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறார்கள். அறுவை சிகிச்சைக்குப் பின் ஒன்பது மாதம் ஆகுமுன் களத்துக்குத் திரும்பியவர்களுக்கு மறுபடி கிழியும் அபாயம் கூடுதல் என்பது ஆய்வுகளில் தெளிவாக வந்திருக்கிறது.

நான் நாள்கணக்கை மட்டும் நம்புவதில்லை. முழங்காற்சில்லுக்கு மேலே ஒரு சாண் தள்ளி இரண்டு தொடைகளையும் இஞ்சுடேப்பால் அளந்து பார்ப்பேன். ஒற்றைக் காலில் தாவச் சொல்லி, காயம்பட்ட கால் மற்றக் காலின் தூரத்தில் 90 சதவீதமாவது எட்டுகிறதா என்று பார்ப்பேன். கபடி ஆட்டக்காரர் என்றால் இன்னொன்றும் உண்டு. பின்னாலிருந்து யாராவது இடுப்பைப் பிடித்து இழுக்கும்போது அவர் முகம் எப்படி மாறுகிறது என்பதைக் கவனிப்பேன். கால் தயாராகி மனம் தயாராகாதவர்கள் திரும்பும்போது அரை நொடி தயங்குவார்கள், அந்தத் தயக்கத்தில்தான் பாதம் தவறாக விழும்.

செலவைப் பற்றித் தம்பி எழுதியது முழுக்க உண்மை. என்னிடம் வரும் இளைஞர்களில் பலர் பத்தாவது, பன்னிரண்டாவது முறையோடு நின்றுவிடுகிறார்கள், காரணம் கேட்டால் வேலை இருக்கிறது என்பார்கள். இப்போதெல்லாம் நான் முதல் நாளே வீட்டில் செய்யும் பயிற்சிகளை எழுதிக் கொடுத்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை மட்டும் வந்து அளந்துகொண்டு போகச் சொல்கிறேன். ஜீன்ஸ் மணல் மூட்டையை நானும் இனிப் பரிந்துரைக்கப்போகிறேன், தைத்த முனை பிரியாமல் இருந்தால் சரி.

வேகப்பந்து வீச்சாளர், சென்னை லீக்

எனக்கு முழங்கால் இல்லை, முதுகு. சென்னை லீக்கின் மேல் டிவிஷனில் ஒரு நிறுவன அணிக்காக ஆண்டு ஒப்பந்தத்தில் வீசிக்கொண்டிருந்தேன். வலக்கை வீச்சாளர்களுக்கு இடப்பக்கக் கீழ்முதுகில் வருகிற ஸ்ட்ரெஸ் பிராக்சர்தான் எனக்கும் வந்தது. முன்கால் ஊன்றும் அந்தக் கணத்தில் உடம்பு பக்கவாட்டில் சாய்ந்து முறுக்கிக்கொள்கிறது. ஒரு நாளில் அதை நூறு தடவை செய்தால் எலும்பு மயிரிழை அளவில் விரிசல் காணும். முழங்கால் போல இதில் சத்தம் கேட்பதில்லை. வண்டி ஓட்டும்போது ஒரு குடைச்சல், குனிந்து ஷூ நாடா கட்டும்போது ஒரு பிடிப்பு, அவ்வளவுதான்.

அறுவை சிகிச்சை தேவையில்லை, ஆறு மாதம் பந்தைத் தொடாதே என்றார்கள். கேட்க மலிவான வைத்தியம்தான். ஆனால் என் ஒப்பந்தம் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பணம் தருகிற ஒப்பந்தம். வீசாத ஆறு மாதமும் சம்பளமில்லாத ஆறு மாதம், அடுத்த ஆண்டுக்கான பட்டியலில் பெயரும் இல்லை. கிரிக்கெட் வாரியத்தின் ஒப்பந்தத்தில் இருப்பவர்களை பெங்களூரில் உள்ள வாரியத்தின் பயிற்சி மையத்துக்கு அனுப்பிப் பார்த்துக்கொள்கிறார்கள். இந்திய அணிக்கு ஆடிய வேகப்பந்து வீச்சாளர் நடராஜன் 2021இல் முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, 2022 ஐபிஎல்லில் 18 விக்கெட் எடுத்தார். அந்த வட்டத்துக்கு ஓர் அடி வெளியே இருப்பவர்கள் சொந்தப் பணத்தில் ஆற வேண்டியதுதான்.

எனக்கு அப்போது துணையாக இருந்தது தமிழ்நாட்டு வேகப்பந்து வீச்சாளர் லட்சுமிபதி பாலாஜியின் கதை. 2004 பாகிஸ்தான் பயணத்தில் நாடே கொண்டாடியவர், இதே முதுகு விரிசலால் ஆண்டுக்கணக்கில் வெளியே இருந்தார். வீச்சு முறையையே மாற்றிக்கொண்டு திரும்பி, 2008இல் சேப்பாக்கத்தில் ஐபிஎல்லின் முதல் ஹாட்ரிக்கை எடுத்தார். நானும் என் வீச்சை மாற்றினேன். மணிக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர் வேகம் குறைந்தது, முதுகு பிழைத்தது, இரண்டு டிவிஷன் கீழே இறங்கி ஆடுகிறேன். திண்டுக்கல் நண்பரிடம் ஒரு கேள்வி: இப்போது தனியாகக் காப்பீடு எடுத்திருக்கிறீர்களா, அது இதற்கெல்லாம் உதவுமா?

முன்னாள் கபடி ரெய்டர், திண்டுக்கல் மாவட்டம்

எடுத்திருக்கிறேன். என் பாலிசியில் மருத்துவமனையில் தங்கிச் செய்யும் சிகிச்சைக்கு ஈடு உண்டு, வீடு திரும்பிய பின் ஆகும் செலவுக்கு 60 நாள் வரைதான் ஈடு. உங்களைப் போல மருத்துவமனையில் படுக்காமலேயே ஆறு மாதம் ஓய்வெடுப்பவருக்கு அதிலிருந்து ஒரு ரூபாயும் வராது. வாங்கும் முன் முகவரிடம் இரண்டைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: பணம் பெற்றுக்கொண்டு ஆடும் ஆட்டத்தில் பட்ட காயத்துக்கு ஈடு உண்டா, வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்கு வாரத்தொகை தருவார்களா. இரண்டாவது வசதி விபத்துக் காப்பீடு சிலவற்றில் இருக்கிறது. மருத்துவக் காப்பீட்டோடு சேர்த்து நான் அதையும் எடுத்தேன்.

சென்னை பிசியோதெரபிஸ்ட் அம்மாவுக்கு: மூட்டையின் தைத்த முனை ஒருமுறை பிரிந்து திண்ணையெல்லாம் மணலானது. அதன் பிறகு, சாக்கு தைக்கும் ஊசியும் சணலும் கொண்டு இரட்டைத் தையல் போட்டோம்.