ஏழு மாதக் குழந்தை கேட்ட முதல் சேகா

எங்கள் மகளுக்கு ஏழாவது மாதம் நடக்கையில், அவளை முதன்முதலாக ஒரு சேகா குழுவின் இசையைக் கேட்க அழைத்துச் சென்றோம். சேகா என்பது மேளமும் பாட்டும் சேர்ந்த மொரீசியஸ் தீவின் இசை. கைக்குழந்தையை மேளச் சத்தத்துக்கு நடுவே கொண்டுபோகலாமா என்ற தயக்கம் மொரீசியஸில் நம் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. ரோஸ் ஹில்லில் இருக்கும் என் மாமியாரும், "வேண்டாம்மா, பிள்ளை ராத்திரியெல்லாம் திடுக்கிட்டுத் திடுக்கிட்டு அழும்" என்று முதலில் தடுத்தார்கள்.

அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. பச்சிளம் குழந்தைகள் திடீர் ஓசைக்குக் கைகளை விரித்துத் துடித்து அழுவது இயல்பு. அந்த அனிச்சைச் செயல் பெரும்பாலும் ஆறாவது மாதத்துக்குள் மறைந்துவிடும் என்பதால் நாங்களும் அதுவரை பொறுத்திருந்தோம். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய கவலை அவளுடைய காதுதான். 85 டெசிபல் ஒலியைப் பெரியவர்களே நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்பதும், ஒலி 3 டெசிபல் கூடும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகக் குறைய வேண்டும் என்பதும் வேலையிடங்களுக்கான பரிந்துரை. அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான் மிஞ்சுகிறது. ஒலிபெருக்கி வைத்த மேடைக் கச்சேரிகள் அந்த அளவைத் தொடுவது சாதாரணம். போதாக்குறைக்கு, குழந்தையின் காதுக்குழாய் மிகச் சிறியதாக இருப்பதால் கீச்சென்ற ஒலிகள் அதற்குள் இன்னும் வலுப்பெறுகின்றன.

ஆகவே மேடை நிகழ்ச்சிகளை ஒதுக்கிவிட்டு, ஒலிபெருக்கி இல்லாத மரபுச் சேகாவைத் தேர்ந்தெடுத்தோம். ஆட்டுத்தோல் போர்த்திய ரவான் மேளம், விதைகளை உள்ளே இட்டுக் குலுக்கும் தட்டையான மரவான் பெட்டி, இரும்பு முக்கோணம், பாடுவோரின் குரல் ஆகியவையே அதன் கருவிகள். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களிடையே பிறந்து, 2014இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்ற இந்த இசையே தன் மகள் நேரில் கேட்கும் முதல் குழு இசையாக இருக்க வேண்டும் என்பது, இந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்த என் கணவரின் ஆசையாகவும் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஃபிளிக்-அன்-ஃபிளாக் கடற்கரையில் சவுக்கு மரங்களின் அடியில் பாய் விரித்து அமர்ந்தோம். வாசிப்பதற்கு முன் ரவானின் தோலை நெருப்பில் காட்டி முறுக்கேற்றுவார்கள் என்பதால், புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக் காற்று வரும் திசையில் இடம் பிடித்தோம். வட்டமான அந்த மேளத்தை அவர்கள் தீக்கு மேல் மெல்லச் சுழற்றுவதும், விரலால் சுண்டிப் பார்ப்பதும், நாதம் போதவில்லையென்றால் மீண்டும் காட்டுவதும் பார்க்கவே அழகு. திறந்த வெளியில் தூரத்தை இரு மடங்காக்கினால் ஒலி ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். அதனால் குழுவிடமிருந்து ஒரு டென்னிஸ் மைதான நீளத்துக்குத் தள்ளியே இருந்தோம். குழந்தைகளுக்கென்று விற்கும், மென்மையான தலைப்பட்டை வைத்த காதுமூடியை வீட்டிலேயே அணிவித்துப் பழக்கியிருந்தேன். பெரியவர்கள் செருகிக்கொள்ளும் நுரை அடைப்பான்களைக் குழந்தைக்குத் தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள். பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டால் தொண்டையில் சிக்கிவிடும்.

முதல் அடி விழுந்தபோது அவள் அழவில்லை. கடித்துக்கொண்டிருந்த துணிப் பொம்மை வாயிலேயே நிற்க, புருவத்தைச் சுருக்கி அந்தப் பக்கம் திரும்பினாள். அவளுடைய பார்வை பாடுபவரின் முகத்தில் அல்ல, ரவான் அடிப்பவரின் கையிலேயே நிலைத்திருந்தது. கை எழும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வாள், விழுந்ததும் விடுவாள். சிறிது நேரத்தில் அப்பாவின் சட்டைக் காலரை இறுகப் பற்றியபடி இரண்டு கால்களாலும் அவர் வயிற்றில் உதைக்கத் தொடங்கினாள். தாளத்தோடு அந்த உதைகள் ஒத்துப்போயின என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மேளம் நின்றபோதெல்லாம் கால்களும் நின்றன. அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அரை மணி நேரம் போல ஆனதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைக் கசக்கினாள். போதும் என்று குழந்தை சொல்வது இப்படித்தான். நிகழ்ச்சி களைகட்டிக்கொண்டிருந்தாலும் உடனே கிளம்பிவிட்டோம். அழத் தொடங்கும் வரை காத்திருப்பது அவளுக்கும் நல்லதல்ல, இசைக்கும் நல்லதல்ல என்பது என் கருத்து. அன்றிரவு அவள் வழக்கம்போலவே தூங்கினாள். விடிந்ததும் மாமியார் கேட்ட முதல் கேள்வியும் அதுதான்.

அடுத்து வருவது தைப்பூசக் காவடி. மண்டபத்துக்குள் நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்தால் சுவர்களில் மோதித் திரும்பும் ஒலி திறந்த கடற்கரையைவிட அதிகமாக இருக்கும். ஆகவே காதுமூடியுடன் வெளிப்பிராகாரத்தில் நின்று கேட்பது, தீபாராதனைக்கு மட்டும் உள்ளே போவது என்று முடிவு செய்திருக்கிறோம். இம்முறை பிள்ளையைத் தூக்கிக்கொள்ளப்போவது தான்தான் என்று மாமியார் இப்போதே சொல்லிவிட்டார்கள்.