பிளாயா டெல் கார்மென் போயும் ரிசார்ட் பஃபேதானா?

கடல்காகம்
போன மாதம் இரண்டாவது முறையாக, மெக்சிகோவின் கடற்கரை ஊரான பிளாயா டெல் கார்மென் போய் வந்தேன். முதல் முறை ஆல் இன்க்ளூசிவ் ரிசார்ட், அதாவது அறையோடு சாப்பாட்டுக்கும் சேர்த்தே காசு. கையில் பட்டை கட்டிவிட்டார்கள். ஆறு நாளும் அதே பஃபே. மெக்சிகோ வரை போய் பாஸ்தாவும் பர்கரும் தின்றுவிட்டுத் திரும்பினேன். இந்த முறை ஊருக்குள் சின்ன ஹோட்டலில் அறை மட்டும் எடுத்து, மூன்று வேளையும் வெளியேதான் சாப்பாடு. செலவும் குறைந்தது, நாக்குக்கும் வேலை கிடைத்தது.

என் கட்சி இதுதான்: இந்த ஊரில் ஆல் இன்க்ளூசிவ் எடுப்பவர்கள் காசு கொடுத்துச் சிறைக்குப் போகிறார்கள். கான்கூன் ஹோட்டல் வரிசை என்றால் சரி, அங்கே அசல் ஊர் தள்ளி இருக்கிறது. பிளாயாவில் அப்படி இல்லை. கடலுக்கு இணையாகக் கின்டா அவெனிதா (அவெனிதா என்றால் பெரிய தெரு), வண்டி வராத நடைத்தெரு. அதை விட்டு உள்ளே நாலைந்து தெரு நடந்தால் ஊர்க்காரர்கள் சாப்பிடும் கடைகள். இதையெல்லாம் விட்டுவிட்டு வேலிக்குள் உட்கார்ந்து என்ன செய்யப் போகிறீர்கள்?

ரெண்டுபிள்ளை அப்பா
சிறை என்பது கொஞ்சம் அதிகம் சார். எனக்கு ஐந்து வயதிலும் ஒன்பது வயதிலும் பிள்ளைகள். சின்னவன் ஒரு தட்டில் மூன்று வாய் சாப்பிடுவான், அப்புறம் வேறு கேட்பான். வெளியே இதற்கு மூன்று பில். ரிசார்ட்டில் மூன்று தட்டு, அவ்வளவுதான். வெயிலில் ஆடிவிட்டு வந்து ஆறரை மணிக்கே பசி என்று அழுவான். அந்த நேரத்தில் அவனைக் கூட்டிக்கொண்டு நாலு தெரு நடந்து பாருங்கள், அப்புறம் சிறையைப் பற்றிப் பேசலாம்.

கின்டாவில் ஒரு நாள் சாப்பிட்டுப் பார்த்தோம், கடைப் பெயர் வேண்டாம். நடக்க விடாமல் மெனு கார்டோடு குறுக்கே வந்து நின்று கூப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்து அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம், பில்லே வரவில்லை. வந்தபோது டிப்ஸ் ஏற்கெனவே சேர்ந்திருந்தது, அதைக் கவனிக்காமல் நான் மேலே 15 சதவீதம் வைத்தேன். கார்டு மெஷினில் டாலரா பெசோவா என்று கேட்டது. டாலர் என்று அழுத்தினேன். வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தால் வயிறு எரிந்தது.

கடல்காகம்
அண்ணே, உங்கள் வயிற்றெரிச்சல் நியாயமானது. ஆனால் அதில் பாதி, அந்த ஊர் வழக்கம் தெரியாததால் வந்தது. மெக்சிகோவில் நாம் கேட்காமல் பில்லைக் கொண்டுவந்து வைத்தால் 'எழுந்து போ' என்று சொல்வது போல. 'லா குவென்டா, போர் ஃபவோர்' என்று கேட்டால்தான் வரும். டிப்ஸுக்கு அங்கே 'புரொபீனா' என்று பெயர், சட்டப்படி அது நம் விருப்பம். 10 முதல் 15 சதவீதம் வைப்பது வழக்கம். பில்லில் சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லலாம், வாய் திறந்து கேட்க வேண்டும், அவ்வளவுதான். மெஷினில் எப்போதும் பெசோ. டாலரை அழுத்தினால் மாற்று விகிதத்தை உங்கள் வங்கி போடாது, அந்த மெஷின்காரன் போடுவான்.

அப்புறம், கின்டாவை வைத்து ஊரை எடை போடாதீர்கள். கின்டா என்றால் ஐந்தாவது. அதற்கு இணையான அவெனிதாக்கள் ஐந்தைந்தாகக் கூடும்: 10, 15, 20, 25, 30. ஆக 30ஆம் அவெனிதா என்றால் முப்பது தெரு தள்ளி என்று பயப்பட வேண்டாம், ஐந்தே தெரு. குறுக்குத் தெருக்கள் வடக்கே 2, 4, 6 என்று இரட்டைப்படையில் போகும். இந்தக் கணக்கு பிடிபட்டால் ஊர் உள்ளங்கைக்குள்.

அந்த 30ஆம் அவெனிதாவில் எல் ஃபோகோன் என்று ஒரு டாக்கோ கடை, ஊரறிந்த இடம். டாக்கோ என்றால் சின்ன ரொட்டியில் கறி வைத்து மடித்தது. அங்கே அல் பாஸ்தோர் சாப்பிடுங்கள். லெபனானிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த ஷவர்மாதான் மெக்சிகோவில் பன்றிக்கறியாக மாறி, மிளகாயும் அச்சியோட்டே என்ற சிவப்பு விதை மசாலாவும் பூசிச் சிவந்து நிற்கிறது. கம்பியின் உச்சியில் ஒரு அன்னாசி. கறியைச் சீவியவர் அதே கத்தியால் அன்னாசியையும் ஒரு சுண்டு சுண்டுவார், துண்டு பறந்து வந்து டாக்கோவில் விழும். இதை ராத்திரியில்தான் சாப்பிட வேண்டும், சாயங்காலம் முழுக்க வெந்த கறிக்குத்தான் அந்த ஓரம் முறுகியிருக்கும். காலையில் என்றால் கொச்சினீத்தா பிபில், யூகட்டான் பக்கத்து உணவு. புளிப்பு ஆரஞ்சுச் சாற்றில் ஊறி, வாழையிலையில் பொதிந்து வெந்த பன்றிக்கறி. மதியம் போனால் சட்டி காலியாக இருக்கும். இது எந்த பஃபேயில் இப்படிக் கிடைக்கும், சொல்லுங்கள்.

சைவப்பட்சி
பன்றி, பன்றி, மறுபடியும் பன்றி. கடல்காகம், உங்கள் தெருவில் எனக்கு என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுதினீர்களா?

சைவம் சாப்பிடுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே 'சின் கார்னே', அதாவது 'இறைச்சி இல்லாமல்' என்றால் போதும் என்று நினைத்தேன். கார்னே என்றால் அவர்கள் காதில் பெரும்பாலும் மாட்டிறைச்சி, அதனால் கோழியைப் போட்டுச் சிரித்த முகத்தோடு கொண்டுவந்து வைத்தார்கள். கோழி, மீன் எதுவும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்ல வேண்டும். மசித்த பீன்ஸில் மான்தேக்கா, அதாவது பன்றிக் கொழுப்பு இருக்கலாம். சோறு கோழிச் சாற்றில் வெந்திருக்கலாம். இரண்டையும் கேட்காமல் தொடாதீர்கள்.

கேட்டு வாங்கினால் பட்டினி இல்லை. சப்பாத்திக் கள்ளியின் மடலை வதக்கி டாக்கோவில் வைத்துத் தருகிறார்கள், நோபாலேஸ் என்று பெயர். வெண்டைக்காய் மாதிரி லேசாக வழுவழுக்கும், எனக்குப் பிடித்திருந்தது. பூசணிப்பூ வைத்த கேசதியா உண்டு, சீஸ் வைத்து மடித்துச் சுட்ட ரொட்டி. சாயங்காலம் வண்டிகளில் மார்கெசீத்தா, மொறுமொறு சுருளுக்குள் எடம் சீஸைத் துருவி வைத்து, கேட்டால் சாக்லேட்டும் தடவுவார்கள். இனிப்பும் உப்பும் சேருமா என்று முகம் சுளித்த என் கணவர் மூன்று சாப்பிட்டார்.

ஆனாலும் என் ஓட்டு ரிசார்ட்டுக்கு. அங்கே சமையல்காரரை நேரில் கூப்பிட்டுக் கேட்க முடிந்தது. தெருவில் என் அரைகுறை ஸ்பானிஷை நம்பித் தினமும் மூன்று வேளை சூதாட முடியாது.

கடல்காகம்
உங்களைப் பற்றி எழுதாமல் விட்டது என் தப்பு. ஆனால் அந்த வரிகளைக் கைப்பேசியில் எழுதி வைத்துக் காட்டியிருக்கலாமே, பேசித்தான் ஆக வேண்டுமா?

சைவப்பட்சி
காட்டினேன். மீனோடு வந்தது.

பன்னிரண்டாம் தெரு
எல்லாரும் தட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்த ஊர் விழிப்பதே ராத்திரி பத்து மணிக்கு மேல்தான். 12ஆம் தெருவில் கோகோ போங்கோ, பக்கத்தில் வரிசையாக நடனக் கிளப்புகள். கோகோ போங்கோவை வெறும் டிஸ்கோ என்று நினைக்க வேண்டாம், அந்தரத்தில் கயிற்றில் தொங்கும் வித்தைக்காரர்கள், பாடகர் வேடம் கட்டியவர்கள், தலைக்கு மேல் காகித மழை. பார்ரா லீப்ரே டிக்கெட் வாங்கினால் குடிக்கத் தனிக் காசு இல்லை. ரிசார்ட்டில் பதினொரு மணிக்கு ஒருவர் கிடார் வாசித்துவிட்டுத் தூங்கப் போவார். அதற்கா விமானம் ஏறினோம்?

ரெண்டுபிள்ளை அப்பா
18 வயது ஆகாதவர்களை உள்ளே விடமாட்டார்கள் தம்பி. என் பிள்ளைகளை வாசலில் கட்டிப்போடவா?

மாலதி அக்கா
தம்பி, நானும் போயிருக்கிறேன், கோகோ போங்கோ நிகழ்ச்சி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் காது இரண்டு நாள் ரீங்கரித்தது. காசு வாங்காமல் கிளாஸை நிரப்பிக்கொண்டே இருக்கும் இடத்தில் அளவு மறந்துபோகும். கிளாஸை மேசையில் விட்டுவிட்டு ஆடப் போகாதீர்கள். அங்கே டாக்சியில் மீட்டர் கிடையாது, ஏறும் முன்பே எவ்வளவு என்று பேசி முடியுங்கள். 2017 ஜனவரியில் பிபிஎம் இசைவிழாவின் கடைசி இரவில், அதே 12ஆம் தெருவின் கடற்கரை முனையிலிருந்த ப்ளூ பேரட் கிளப்பில் துப்பாக்கிச்சூடு நடந்து ஐந்து பேர் இறந்தார்கள். அதற்காகப் போகாதே என்று நான் சொல்லவில்லை. வெளிச்சமும் ஆள்நடமாட்டமும் உள்ள தெரு வழியாகத் திரும்புங்கள்.

பன்னிரண்டாம் தெரு
அக்கா, டாக்சி விஷயம் சத்தியமான வார்த்தை. காது விஷயத்தில் மட்டும் வயது பேசுகிறது.

ரெண்டுபிள்ளை அப்பா
கடல்காகம், ஒன்று கேட்கிறேன். எங்கள் பயணம் ஜூலையில். மணலில் மேசை போட்டு ஒரு நாள் ராத்திரிச் சாப்பாடு என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். வெளியே எங்கே போகலாம்?

கடல்காகம்
ஜூலை என்றால் முதலில் மூக்கைக் கேளுங்கள். கோடையில் சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி கரை ஒதுங்கும். நாள்பட்டால் அழுகிய முட்டை வாடை. ஒரு நாள் சுத்தமாக இருக்கும், மறுநாள் முழங்கால் உயரம் குவிந்திருக்கும். அதனால் முன்கூட்டிப் பணம் கட்டாதீர்கள், அன்று காலையில் போய்ப் பார்த்துவிட்டு மேசை சொல்லுங்கள். மணலே வேண்டும் என்றால் பகலில் பீச் கிளப், 28ஆம் தெரு முனையில் மமீதாஸ் மாதிரி. நாற்காலிக்கு இவ்வளவு சாப்பிட்டாக வேண்டும் என்பார்கள். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், மெக்சிகோவில் கடற்கரை பொதுச்சொத்து. நாற்காலிதான் அவர்களுடையது, மணல் இல்லை. துண்டை விரித்து உட்கார்ந்தால் யாரும் கிளப்ப முடியாது.

பாசி வாடை அடித்தால் ஊருக்குள் ஆலுக்ஸ் என்று ஓர் உணவகம், நிஜமான குகைக்குள். விலை அதிகம், சாப்பாட்டை விட இடம்தான் பெரிசு. வாக்குக் கொடுத்த கணவருக்கு அது போதும்.

ரெண்டுபிள்ளை அப்பா
சரி, இப்படி வைத்துக்கொள்ளலாம். ரிசார்ட் ஏற்கெனவே பதிவு செய்தாயிற்று, அதை மாற்றமாட்டேன். அதில் இரண்டு ராத்திரி உங்கள் 30ஆம் அவெனிதாவுக்கு வருகிறோம். சின்னவன் டாக்கோவைத் தொடாமல் அழுதால் அந்த பில் உங்களுக்குத்தான் வரும்.

கடல்காகம்
அனுப்புங்கள் அண்ணே. பெசோவில் அனுப்புங்கள்.