ஜப்பானில் ஹோட்டலில் "இதை எடுத்துவிட்டு அதைப் போடுங்கள்" என்று எப்படிக் கேட்பது? வெள்ளிக்கிழமை ஆபீஸ் பார்ட்டி, அவசரம்

கும்பகோணம் டிகிரி:
வணக்கம். ஜப்பானுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. நான் சைவம். இன்று மதியம் டீமோடு ராமென் (நூடுல்ஸ் சூப்) கடைக்குப் போனோம். பன்றி இறைச்சி வேண்டாம், பதிலுக்குக் காய்கறி போடுங்கள் என்று போனில் மொழிபெயர்த்துக் காட்டினேன். கடைக்காரர் நன்றாகத் தலையாட்டினார். மேலே இருக்கும் இறைச்சித் துண்டை மட்டும் எடுத்துவிட்டு அதே சூப்பைக் கொண்டுவந்து வைத்தார். வெள்ளையாக, கொழுப்பு மிதக்கிறது. பசிக்கவில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். டீம் மொத்தமும் என் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. இன்னொரு கடையில் கேட்டபோது இரண்டு கையையும் குறுக்கே வைத்து முடியாது என்றுவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை எனக்காகவே வரவேற்பு விருந்து வைக்கிறார்களாம். அங்கே என்ன சொல்லி, எப்படி மாற்றிக் கேட்பது? ப்ளீஸ், யாராவது சொல்லுங்கள்.

கவாசாகி கோவைக்காரன்:
தம்பி, ஹோட்டலை மறந்துவிடு. ஒரு நல்ல ரைஸ் குக்கர் வாங்கு. துவரம் பருப்பு, புளி, பெருங்காயம் எல்லாம் இந்தியக் கடைகளில் ஆன்லைனில் ஆர்டர் போட்டால் வீட்டுக்கே வரும். நான் வந்த புதிதில் ஒரு குளிர்காலம் முழுக்க வாழைப்பழமும் ரொட்டியும்தான். அந்த ரொட்டியிலும் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது உண்டு என்று அப்புறம்தான் தெரிந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமை ஒரு வாரத்துக்கும் சேர்த்து சாம்பார் வைத்து ஃப்ரீசரில் போட்டுவிடுகிறேன். நிம்மதி.

நிஷிகசாய் மாமி:
கேட்டது பார்ட்டியைப் பற்றி, இவர் சாம்பாரைப் பற்றிச் சொல்கிறார். குழந்தை, நீ எந்த ஊர்? டோக்கியோ என்றால் கவலையே இல்லை. டோக்கியோ ஸ்டேஷனுக்குள்ளேயே டீஸ் தான்தான் என்று சுத்த சைவ ராமென் கடை இருக்கிறது. எங்கள் நிஷி-கசாய் பக்கம் வந்தால் இட்லியே கிடைக்கும். பார்ட்டி எடுப்பவரிடம் இந்தியக் கடைக்கு மாற்றச் சொல்லிவிடு.

ஒசாகா வாசி:
மாமி, புதிதாக வந்த ஆள் விருந்து வைப்பவரிடம் கடையை மாற்று என்று சொல்வதா? முதல் மாதத்திலேயே பெயர் கெட்டுவிடும். பேசாமல் போய் உட்காருங்கள். உப்புப் போட்ட எடமாமே (பச்சை சோயா), முட்டைக்கோஸ், இடித்த வெள்ளரிக்காய், உருளைக்கிழங்கு வறுவல். எல்லா இசகாயாவிலும் (மதுவோடு சின்னச் சின்னத் தட்டுகள் தரும் கடை) இவை உண்டு. வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போவது இன்னும் உத்தமம்.

வெஜ் வேதனை:
நான் சொல்கிற வழி ஒன்றுதான். "அலர்ஜி" என்று சொல்லுங்கள். சைவம் என்றால் ஆளுக்கு ஒரு அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள். மீன், இறைச்சி எல்லாம் அலர்ஜி என்றால் சமையலறையே நடுங்கும். நான் எப்போதும் அப்படித்தான்.

மதுரை மல்லி:
தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். என் வீட்டுக்காரர் இங்கே ஹோட்டல் சமையலறையில் வேலை பார்க்கிறார். அலர்ஜி என்ற சொல் காதில் விழுந்தால் தனிப் பாத்திரம், தனிக் கத்தி, மேனேஜர் வந்து விசாரணை என்று போகும். முடியாத கடை, பொறுப்பு ஏற்க முடியாது, மன்னிக்கவும் என்று உங்களுக்கு எதுவுமே தராது. அப்புறம் நீங்களே உலர்ந்த மீன் சீவல் தூவிய டோஃபுவைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், அடுத்து நிஜமான அலர்ஜியோடு வருபவரை யார் நம்புவார்கள்?

வெஜ் வேதனை:
என் தட்டில் மீன் சீவல் இருந்ததே இல்லையே.

மதுரை மல்லி:
தாஷி இருந்திருக்கும், உலர்ந்த மீனைக் கொதிக்கவைத்து எடுக்கும் சாறு. கண்ணுக்குத் தெரியாது.

சூரியோதயம்:
கோழி சாப்பிடப் பழகிக்கொள்ளலாமே. ஊரோடு ஒத்துவாழ் என்று சும்மாவா சொன்னார்கள்.

நிஷிகசாய் மாமி:
சூரியோதயம், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

கும்பகோணம் டிகிரி:
எல்லோருக்கும் நன்றி. நான் தம்பி இல்லை அண்ணா, தங்கச்சி. டோக்கியோவும் இல்லை. ஹமமத்சு. கடை ஏற்கெனவே புக் பண்ணிவிட்டார்கள், கியோசா (கொழுக்கட்டை மாதிரி, சட்டியில் பொரிப்பது) கடை என்று சொன்னார்கள். முட்டை கேக்கில் இருந்தால் சாப்பிடுவேன், ஆம்லெட்டாக வேண்டாம்.

ஒசாகா வாசி:
ஹமமத்சுவில் கியோசா! அந்த ஊர்ப் பெருமையே அதுதானே. வட்டமாக அடுக்கி, நடுவில் வேகவைத்த முளைப்பயறு வைப்பார்கள். உள்ளே பன்றியும் முட்டைக்கோஸும். அந்த முளைப்பயறு மட்டும் உங்களுக்கு.

கவாசாகி கோவைக்காரன்:
மன்னிக்கணும் தங்கச்சி. ஆனால் சொல்கிறேன், நம்ம ஊரில் ஹோட்டலில் உட்கார்ந்து எப்படிக் கேட்போம்? நெய் ரோஸ்ட் முறுகலா, வெங்காயச் சட்னி வேண்டாம், தேங்காய்ச் சட்னி ரெண்டு கரண்டி கூட, சாம்பார் தனிக் கிண்ணத்தில், காபி ஸ்ட்ராங்கா, சர்க்கரை கம்மியா. சர்வர் எதையும் எழுதிக்கொள்ளாமல் உள்ளே போய் அப்படியே கத்துவார். அப்படி வளர்ந்துவிட்டு இங்கே வந்தால் அரிசியைக் குறைத்து ஒரு காய் கூடக் கொடு என்றால் கூட முகம் மாறுகிறது.

வெஜ் வேதனை:
முகம் மாறாது, அதுதான் கஷ்டமே. தலையைச் சாய்த்து மூச்சை உள்ளே இழுப்பார்கள். அதற்கு முடியாது என்று அர்த்தம். புரியாமல் மறுபடியும் மறுபடியும் கேட்டுக்கொண்டிருப்போம்.

நிஷிகசாய் மாமி:
இந்தியக் கடை என்று போர்டு போட்ட பாதி இடத்தில் தட்டை விடப் பெரிய நான், சர்க்கரை போட்ட கறி. காரம் கூட வேண்டும் என்றால் மேலே மிளகாய்ப் பொடி தூவித் தருகிறார்கள். அதைக் கேட்பார் யாருமில்லை.

ஒசாகா வாசி:
உட்கார்ந்ததுமே கேட்காமல் ஒரு சின்னக் கிண்ணம் வருமே, ஒதோஷி. அதில் மீனோ கோழியோ இருக்கும். சாப்பிடாவிட்டாலும் 300, 400 யென் பில்லில் ஏறும். டிப்ஸ் கிடையாது என்பது மட்டும்தான் ஆறுதல்.

மதுரை மல்லி:
எல்லோரும் புலம்பி முடித்தாயிற்றா? டிகிரி தங்கச்சிக்கு இரண்டே நாள்தான் இருக்கிறது.

முகம் மாறுவதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலான சின்னக் கடைகளில் சூப், சாஸ், ஊறவைத்தது எல்லாம் காலையிலேயே தயார். மேசைக்கு வந்து ஆர்டர் எடுப்பது பகுதிநேர வேலைக்கு வரும் மாணவர்கள். அவர்கள் கையேட்டில் இல்லாததைச் செய்ய அவர்களுக்கு அனுமதி இல்லை. அதனால் மேலே தூவுவதை, ஓரத்தில் வைப்பதை "எடுத்துவிடுங்கள்" என்றால் சிரித்துக்கொண்டே செய்வார்கள். வசாபி இல்லாமல், வெங்காயத் தாள் இல்லாமல், அரிசி குறைவாக, எல்லாம் நடக்கும். "இதற்குப் பதில் அது" என்பதுதான் நடக்காது. சூப்புக்குள் கரைந்ததை யாராலும் எடுக்க முடியாது. ராமென் கடையில் உங்களுக்கு நடந்தது இதுதான். அவர் உங்களை ஏமாற்றவில்லை, எடுக்க முடிந்ததை எடுத்தார்.

கும்பகோணம் டிகிரி:
இப்போதுதான் புரிகிறது அக்கா. இன்னொன்று, இது முக்கியமா தெரியவில்லை. எனக்கு எள் ஒத்துக்காது. சின்ன வயதில் எள்ளுருண்டை சாப்பிட்டு உதடெல்லாம் வீங்கி, மூச்சு இழுத்து, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஊரில் எள் எதில் இருக்கும் என்று தெரியும், அதனால் யோசித்ததே இல்லை.

மதுரை மல்லி:
அம்மாடி, இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

ஒசாகா வாசி:
நான் சொன்ன முட்டைக்கோஸையும் வெள்ளரிக்காயையும் தொடாதீர்கள்! இரண்டும் பெரும்பாலும் எள் எண்ணெயில்தான் பிசறுவார்கள்.

நிஷிகசாய் மாமி:
நல்லெண்ணெய் ஊரிலும் இருக்குமே, குழந்தை?

கும்பகோணம் டிகிரி:
வீட்டில் கடலை எண்ணெய்தான் மாமி. வெளியே எள் போடாத மிளகாய்ப் பொடி என்றால் மட்டும், நெய் கேட்டு வாங்கிக்கொள்வேன்.

ஜப்பான் பழசு:
பக்கத்து ஊர் தொயோஹாஷியில் இருக்கிறேன். இங்கே வந்து ரொம்ப வருஷம் ஆகிவிட்டது. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் இரண்டையும் பிரித்துக்கொள்ளுங்கள். சைவம் உங்கள் விருப்பம், எள் உங்கள் உயிர். ஒரே வாக்கியத்தில் சொன்னால் இரண்டும் ஒரே எடையாகக் கேட்கும். அலர்ஜி என்ற சொல்லை எள்ளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பானில் பாக்கெட் உணவில் கட்டாயம் அச்சிட வேண்டிய அலர்ஜிப் பொருள்களில் முட்டை, பால், கோதுமை, சோபா (பக்வீட் தானியம்), நிலக்கடலை, இறால், நண்டு இருக்கின்றன. 2023இல் வால்நட்டையும் சேர்த்தார்கள். எள் அந்தப் பட்டியலில் கிடையாது, "முடிந்தால் எழுதலாம்" என்ற இரண்டாவது பட்டியலில்தான் வருகிறது. அதோடு இந்தச் சட்டம் பாக்கெட்டுக்குத்தான், ஹோட்டலுக்கு இல்லை. பெரிய செயின்கள் தாமாகவே இணையத்தில் அலர்ஜி அட்டவணை போடுகின்றன, அதில் எள் இருக்கிறதா என்று பாருங்கள். சைவத்துக்கு அந்த அட்டவணை பாதிதான் உதவும். மாடு, பன்றி, கோழி, ஜெலட்டின் இரண்டாவது பட்டியலில் உண்டு. தாஷிக்குப் போடும் கத்சுவோ மீன் எதிலுமே இல்லை. அட்டவணை சுத்தமாக இருந்தாலும் தட்டில் மீன் இருக்கலாம்.

அடுத்து, கடையில் உட்கார்ந்த பிறகு எதையும் கேட்காதீர்கள். ஒவ்வொரு ஆபீஸ் விருந்துக்கும் ஒரு அமைப்பாளர் இருப்பார், கான்ஜி என்பார்கள். இந்த மாதிரி விருந்து பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு, இரண்டு மணி நேரம் குடிக்க அளவில்லை என்று கோர்ஸாகத்தான் புக் ஆகும். பத்துப் பேருக்குப் பொதுத்தட்டு வந்த பிறகு நீங்கள் ஒருத்தி பேச ஆரம்பித்தால் யாருக்கும் நன்றாக இருக்காது. இன்றைக்கே கான்ஜிக்கு எழுத்தில் அனுப்புங்கள். அவர் கடைக்குப் போன் போடுவார். அது அவர் வேலை, தொல்லை என்று நினைக்க மாட்டார்கள். சொல்லாமல் வந்து பட்டினியாக உட்கார்ந்திருப்பதுதான் அவர்களுக்குத் தர்மசங்கடம்.

கீழே உள்ளதை மொழிபெயர்ப்பு ஆப்பில் போடுங்கள். அனுப்பும் முன் ஜப்பானியர் யாரிடமாவது ஒருமுறை காட்டிவிடுங்கள்:

"விருந்துக்கு மிக்க நன்றி. முன்கூட்டியே ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு எள் அலர்ஜி இருக்கிறது. எள் எண்ணெயும் சாப்பிட முடியாது. மூச்சுத் திணறல் வந்திருக்கிறது. இது தவிர, மாடு, பன்றி, கோழி, ஹாம், பேக்கன், மீன், இறால், நண்டு நான் சாப்பிடுவதில்லை. மீன் தாஷி சேர்ந்த சூப்பும் அப்படியே. பால் சாப்பிடுவேன். மாவில் கலந்த முட்டை பரவாயில்லை. எனக்காகத் தனியாகச் சமைக்க வேண்டாம். கடையில் இருப்பதில் எதை நான் சாப்பிடலாம் என்று கேட்டுச் சொன்னால் போதும்."

கடைசி இரண்டு வரி முக்கியம். மாற்றித் தா என்று கேட்டால் இல்லை என்பார்கள், எது முடியும் என்று கேட்டால் அவர்களே தேடிச் சொல்வார்கள். சைவம் என்ற ஒற்றைச் சொல்லை நம்ப வேண்டாம், பேக்கன் வரைக்கும் பெயர் சொல்லி எழுதுங்கள்.

வெஜ் வேதனை:
இத்தனை நீளமாக எழுதினால் படிப்பார்களா?

ஜப்பான் பழசு:
படிப்பார்கள். இங்கே எழுத்தில் வந்தால்தான் நிம்மதி.

கியோசா கடையில் சட்டியே எள் எண்ணெயில் ஊறியிருக்க வாய்ப்பு அதிகம். சைவ கியோசா தருகிறோம் என்றாலும் வேண்டாம். அவித்த எடமாமே, வெறும் தக்காளி, வெள்ளைச் சோறு, மீன் சீவல் தூவாத குளிர்ந்த டோஃபு, இவைதான் கேட்கத் தகுந்தவை. வறுவலுக்கு எந்த எண்ணெய் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மேசையில் சொல்ல இரண்டே வாக்கியம் போதும்: "கோமா அரெருகீ கா அரிமாஸ்" (எனக்கு எள் அலர்ஜி இருக்கிறது), "கத்சுவோபுஷி நுகி தெ ஒநெகாய் ஷிமாஸ்" (மீன் சீவல் இல்லாமல் கொடுங்கள்).

வெள்ளிக்கிழமைக்கு முன் முடிந்தால் ஒரு டாக்டரைப் பாருங்கள். ஊரில் தந்த மருந்து இருந்தால் பையில் வையுங்கள். எங்கே இருக்கிறது என்று பக்கத்தில் உட்காருபவருக்குச் சொல்லி வையுங்கள். ஆம்புலன்ஸுக்கு 119.

கும்பகோணம் டிகிரி:
அனுப்பிவிட்டேன். கான்ஜி அரை மணி நேரத்தில் பதில் போட்டுவிட்டார். கடையில் எள் எண்ணெய் எல்லாவற்றிலும் இருக்கிறதாம், அதனால் அவரே கடையை மாற்றிவிட்டார். நான் கேட்கவே இல்லை! எல்லோருக்கும் கியோசா போச்சே என்று இருக்கிறது.

நிஷிகசாய் மாமி:
கடையை மாற்று என்று நான் அப்போதே சொன்னேன்.

ஜப்பான் பழசு:
நல்லது. புதுக் கடைக்கும் அதே செய்தி போயிற்றா என்று ஒரு வரி கேட்டுக்கொள்ளுங்கள். சாலட் வந்தால் டிரெசிங் இல்லாமல் கேளுங்கள். இங்கே அடிக்கடி ஊற்றுவது எள் டிரெசிங்தான், பழுப்பாக, கெட்டியாக இருக்கும்.