புதுப்பிப்பு: சுங்கை சிப்புட் வீட்டு மைன்கிராஃப்ட் சர்வர் ஓடுகிறது

மைன்கிராஃப்ட் விளையாட்டுக்கு வெளியிலிருந்து வரும் வழியான 25565 போர்ட்டை ரவுட்டரில் திறந்தும் கிள்ளானில் இருக்கும் மாமா பிள்ளைகளால் எங்கள் வீட்டு சர்வருக்குள் வர முடியவில்லை என்று முன்பு கேட்டிருந்தேன். வீட்டுக்குள் மட்டும் நன்றாக ஓடியது. காரணம் கிடைத்துவிட்டது.

ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வேன் (WAN) ஐபி, அதாவது இணையப் பக்கம் ரவுட்டருக்குக் கிடைத்த முகவரி, 100.72 என்று தொடங்கியது. கூகுளில் என் ஐபியைத் தேடினால் வேறு எண். 100.64 முதல் 100.127 வரை தொடங்குபவை, பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்க ஒதுக்கப்பட்டவை. இந்த முறையை சிஜிநேட் (CGNAT) என்பார்கள். தோட்டத்து லயங்களுக்கெல்லாம் ஒரே தபால் பெட்டி மாதிரி. நம் ரவுட்டரில் எதைத் திறந்தாலும் வெளியிலிருந்து வருவது இணைய நிறுவனத்தின் பக்கமே நின்றுவிடும்.

இணைய நிறுவனத்துக்குப் போன் செய்து பொது ஐபி கேட்டேன், மாற்றிக் கொடுத்தார்கள். இப்போது இரண்டு எண்ணும் ஒன்றுதான்.

அப்புறம் இன்னொரு விஷயம். வீட்டு வைஃபையில் இருந்தபடி பொது முகவரியைப் போட்டுச் சோதிக்காதீர்கள், பல ரவுட்டர்கள் அதைத் திருப்பி அனுப்பாது. போனில் வைஃபையை அணைத்து, டேட்டாவில் இருந்து போர்ட் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். சர்வர் கணினிக்கு உள் முகவரி மாறாதபடி ரவுட்டரிலேயே ஒதுக்கி வையுங்கள். போன், கன்சோல்களில் ஓடும் பெட்ராக் பதிப்பு என்றால் திறக்க வேண்டிய போர்ட் யூடிபி 19132.

பொது ஐபி கிடைக்காதவர்களுக்கு, கணினிகளைத் தனி வலையமைப்பாக இணைக்கும் டெயில்ஸ்கேல் செயலி போதும், நண்பர்களும் அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். கிடைத்தவர்கள் முதல் வேலையாக, நாம் பெயர் சேர்த்தவர்களை மட்டும் உள்ளே விடும் வொயிட்லிஸ்ட்டை சர்வரில் ஆன் செய்யுங்கள். திறந்த 25565-ஐத் தேடித் திரியும் ஸ்கேனர்கள் நிறைய.