இரண்டடிச் சந்தில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டுவது எப்படி?

கேள்வி:
வணக்கம். வீடு யாங்கூன் தாமுவேயில். பக்கத்து வீட்டுச் சுவருக்கும் எங்கள் சுவருக்கும் நடுவே 2 அடிச் சந்துதான். ஜூன் மழை பிடித்ததிலிருந்து தண்ணீர் அங்கேயே தேங்கி, அம்மா படுக்கும் அறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறிவிட்டது. 30 அடிக்கு 4 அங்குலக் குழாய் பதிக்கலாம் என்று இறங்கினேன். மண்வெட்டியை ஓங்கினால் காம்பு சுவரில் இடிக்கிறது. என்ன செய்யலாம்?

பதில் 1:
தம்பி, மண்வெட்டி அங்கே உதவாது. கடப்பாறையால் நேராகக் குத்தி மண்ணை இளக்குங்கள். அப்புறம் குந்தி உட்கார்ந்து பழைய தகர டப்பாவால் வாருங்கள். நான் அப்படித்தான் வாரினேன். தெருச் சாக்கடை முனையில் தொடங்கி உள்ளே போங்கள்; நடுவில் மழை வந்தாலும் தண்ணீர் வெளியே ஓடிவிடும். மண்ணை அரிசிச் சாக்கில் பாதி மட்டும் நிரப்புங்கள். ஈரக் களிமண் நிறைந்த சாக்கைச் சந்துக்குள் இழுக்கவே முடியாது. குழாயின் வாட்டம் (சரிவு) 30 அடிக்கு 4 அங்குலம் இருந்தால் போதும்.

பதில் 2:
அண்ணன் சொன்னது சரி. ஆனால் அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே தயவுசெய்து போகாதீர்கள். பழைய செங்கல் சுவர் என்றால் இன்னும் கவனம். நாலைந்தடி நீளம் மட்டும் தோண்டிக் குழாயை வைத்து, மண்ணை இடித்து மூடிவிட்டு அடுத்த துண்டுக்குப் போங்கள். முழு நீளத்தையும் திறந்து போட்டு ஒரு இரவு மழை பெய்தால் இரண்டு வீட்டுச் சுவருக்கும் ஆபத்து. பக்கத்து வீட்டில் முதலில் சொல்லிவிடுங்கள்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி அண்ணே. ஓரிடத்தில் பார்த்தேன், அஸ்திவாரம் ஒன்றரை அடி ஆழம்தான். ஓர் அடியோடு நிறுத்திக்கொள்கிறேன். நாளைக் காலை அவர்கள் வீட்டில் பேசுகிறேன்.