அமைச்சர் புயல் ஆய்வுக்கு வந்தால் யாரிடம் எதைக் கேட்பது? – ராமநாதபுரம் கரையோரப் பகிர்வு

கேள்வி: ஐப்பசி பிறந்தாலே பேரிடர் மேலாண்மை அமைச்சர் ஆய்வுக்கு வருகிறார். ஊரே மனுவோடு நிற்கிறது, பாதி மனு எங்கே போகிறது என்றே தெரிவதில்லை. நேரில் பேசிப் பழக்கமுள்ளவர்கள் விவரமாக எழுதுங்கள்.

தாலுகாமேசை: முதலில் அதிகாரம் யாரிடம் என்று பார்க்கணும். மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்குத் தலைவர் முதல்வர், மாவட்ட ஆணையத்துக்குக் கலெக்டர். ஆட்களை வெளியேற்றுவது, பாதையை அடைப்பது, வண்டி எடுப்பது எல்லாம் 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் கலெக்டர் தலைமையிலான மாவட்ட ஆணையத்தின் வேலை. அமைச்சர் வருவாய்த் துறையும் சேர்த்து வைத்திருப்பவர். பணம், அரசாணை, இன்னொரு துறையை இழுத்து உட்கார வைப்பது, இந்த மூன்றும்தான் அவர் பக்கம். "எங்க தெருவைக் காலி பண்ணச் சொல்லாதீங்கய்யா" என்று அவரிடம் மனு கொடுத்தால் அது சுற்றிக் கலெக்டர் ஆபீசுக்கே வரும், அதுக்குள்ள புயல் கரை கடந்திருக்கும்.

கூரைவீடு: பாதுகாப்பு மையத்தில் அமைச்சர் ஜெனரேட்டரைப் போடச் சொல்வார், அது ஓடும், போட்டோ எடுப்பார்கள். கேட்க வேண்டியது வேற. காற்று ஏறுமுன்னே மின்வாரியம் லைனை நிறுத்திவிடும். தண்ணி மோட்டார் அந்த ஜெனரேட்டரில் இணைந்திருக்கிறதா, விளக்கு மட்டும்தானா? விளக்கு மட்டும் என்றால் மாடித் தொட்டியை முந்தின சாயங்காலமே நிரப்பணும். இல்லாட்டி ராத்திரி பத்து மணிக்கெல்லாம் கழிப்பறை நாறிப்போய், பொம்பளைங்க பிள்ளையைத் தூக்கிக்கிட்டுக் குடிசைக்கே திரும்பிடுவாங்க. அப்புறம், சாவி யாரிடம்? ஒருத்தர் மட்டும் சொல்லாதீங்க, ரெண்டு பேர் பெயரைக் கதவிலேயே எழுதி ஒட்டச் சொல்லுங்க.

பாம்பன்கரை: படகு விஷயம் சொல்றேன். "பாதுகாப்பான இடத்துக்கு மாத்திட்டோம்" என்று ஆய்வுக் கூட்டத்தில் சொல்வார்கள். எந்த இடம் என்பது புயல் போகும் பக்கத்தைப் பொறுத்தது. 2020 புரெவி மாதிரி தெற்கே மன்னார் வளைகுடாவுக்குள் வந்தால் காற்று வடகிழக்கில் தொடங்கி, கிழக்கு, தென்கிழக்கு என்று திரும்பும். முதலில் வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) படகுக்கு அடி, திரும்பினதும் தென்கடல் (மன்னார் வளைகுடாப் பக்கம்) படகுக்கு. 2018 கஜா மாதிரி வடக்கே வேதாரண்யம் பக்கம் கரையேறினால் வடமேற்கு, மேற்கு, தென்மேற்கு. வடகடலில் கட்டினதை எல்லாம் தென்கடல் பக்கத்துக் குந்துகாலுக்குக் கொண்டுபோனால் போதும் என்பது பாதி உண்மைதான். உயரமான விசைப்படகு தாண்டணும்னா பாம்பன் ரயில் தூக்குப்பாலம் திறக்கணும், அதுக்குத் துறைமுகமும் ரயில்வேயும் ஒத்துக்கணும். புயல் எச்சரிக்கை 24 மணி நேரத்துக்கு முன்னால் வரும். அப்போது பேச ஆரம்பித்தால் நேரம் காணாது, 48 மணி எச்சரிக்கையிலேயே கேளுங்க. கலெக்டர் போனில் முடியாதபோது அமைச்சரைப் பிடிக்கலாம், அதுதான் அவரை வைத்து ஆகிற காரியம்.

வல்லம்: நிவாரணத் தொகை அமைச்சர் மனசு வைத்து எழுதுவது இல்லை. மத்திய உள்துறையின் 2022–26 வரைமுறையில் உயிரிழப்புக்கு 4 லட்சம், குடிசைக்கு 8,000, முழுதும் போன படகுக்கு 15,000, சேதமான படகுக்கு 6,000, போன வலைக்கு 4,000 என்று இருந்தது. பைபர் படகு வைத்திருப்பவர் 15,000-ஐ வைத்து என்ன செய்வார்? மாநில நிதியில் கூட்டிக் கொடுக்க அரசாணை போடலாம். "நிவாரணம் தாருங்கள்" என்று பொதுவாக எழுதாமல் "மாநிலக் கூடுதல் தொகை" என்றே எழுதிக் கேளுங்கள்.

கணக்கெடுப்பு வேறு வேறு ஆட்கள். வீட்டுக்கு வி.ஏ.ஓ., படகுக்கு மீன்வளத்துறை, ஆடு மாட்டுக்குக் கால்நடை மருத்துவர். ஆடு செத்தால் நாற்றம் வருதுன்னு மருத்துவர் பார்க்குமுன் புதைத்துவிட்டு அலைகிறவர்கள் நிறைய. படகுக்குப் பதிவு எண் தெரிகிற மாதிரி போட்டோ வேணும். உடைந்த பலகையை மட்டும் எடுத்தால் யார் படகு என்பார்கள்.

தாலுகாமேசை: உயிரிழப்புக்கு முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனைச் சான்றும் கேட்பார்கள். கடலில் காணாமல் போனவருக்கு ரெண்டும் இருக்காது, இறந்ததாகக் கருத சாதாரண சட்டப்படி ஏழு வருஷம் காத்திருக்கணும். 2017 ஒக்கி புயலில் குமரி மாவட்டத்துக் குடும்பங்கள் அந்த நிலையில்தான் நின்றன. அரசு தனியாக முடிவெடுத்தால்தான் இது அவிழும், தாசில்தாரைத் திட்டிப் பிரயோஜனமில்லை.

கூரைவீடு: அவசரத்துக்கு 1077 மாவட்டம், 1070 மாநிலம். கடலுக்குள் என்றால் 1554, கடலோரக் காவல்படை.

மழைக்கணக்கு: எல்லாரும் புயலையே பேசுறீங்க. 2024 நவம்பர் 20 ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது, அன்றைக்குப் புயலே இல்லை. பாம்பன் புயல் கூண்டு மழையைச் சொல்லாது. தண்ணி வடிய வேண்டிய வழியில் சாலை ஒரு துறை, வாய்க்கால் நகராட்சி, தண்டவாளம் ரயில்வே. அமைச்சர் வரும்போது நிவாரண மனுவோடு இதையும் ஒரு தாளில் வையுங்கள்: எந்தச் சிறுபாலம், யார் பொறுப்பு, குழாய் எத்தனை அடி விட்டம், அன்றைக்கு எதுவரை தண்ணி நின்றது என்று சுவரில் இருக்கும் கறையின் போட்டோ.